முன்மாதிரிக் குடும்பத் தலைவர்

வடிவேல் முதலாளியின் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் வேலைக்குப் போனதில்லை. பதுளைக் கடைவீதி முழுக்க அறிந்த விஷயம் இது. அறியாதவர் யாராவது இருந்தால் கடைக்கு ஒருமுறை வந்தால் போதும், முதலாளியே சொல்லி அனுப்பிவிடுவார்.

சட்டம் போட்டவர் அவருடைய தாத்தா. இராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வந்து, தோட்டத்துச் சனங்களுக்கு வேண்டிய சாமான்களை விற்று நிமிர்ந்த மனிதர். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு, தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மழைச்சட்டை, ரப்பர் சப்பாத்து என்று தலைமுறை தலைமுறையாக அதே வியாபாரம். உழைக்கும் பெண்களால் உயர்ந்த குடும்பம். தன் வீட்டுப் பெண்கள் மட்டும் பிறர் முன் கைகட்டி நிற்கக் கூடாது என்று தாத்தா முடிவு செய்தார். பெரியவர்களின் முடிவைத் துருவிப் பார்க்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

வீட்டின் முன்கட்டில் அந்தக் கடை நடக்கும் விதமே ஒரு தனி அழகு. முன்மேசையில் வெள்ளை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக முதலாளி அமர்ந்திருப்பார். அவருக்குப் பின்னால் ஒரு பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் அவருடைய மனைவி வள்ளியம்மை. வாடிக்கையாளர் விலை கேட்டால் முதலாளி ஒருமுறை தொண்டையைச் செருமுவார். திரைக்குப் பின்னாலிருந்து மெல்ல ஒரு விலை வரும். அதை அவர் வெகுநேரம் யோசித்துக் கண்டவரைப் போல அறிவிப்பார். கொழும்பு மொத்த வியாபாரிகள் தொலைபேசியில் அழைத்தால் முதலில் கேட்பது, "அம்மா இருக்காங்களா?" என்றுதான். இதையெல்லாம் வேலை என்று சொல்ல முதலாளிக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வேலை என்றால் ஒருவருக்குக் கீழே இருந்து செய்வது. வள்ளியம்மை யாருக்கும் கீழே இல்லை. யார் யாருக்குக் கீழே என்ற ஆராய்ச்சிக்குள் மரியாதை தெரிந்தவர்கள் போக வேண்டியதில்லை.

சட்டத்துக்குச் சோதனையாக வந்து பிறந்தவள் மகள் சிவசக்தி. பொருளாதாரம் படித்தாள். வெளிநாடு போய்க் கலாநிதிப் பட்டமும் வாங்கினாள். திரும்பி வந்து, பதுளையிலேயே இருந்த ஊவா உழைப்பு மற்றும் பால்நிலை ஆய்வு நிலையத்தில் சேர்ந்தாள். தோட்டத்தில் கொழுந்து பறிப்பதெல்லாம் பெண்களாக இருக்க, அவர்களை மேற்பார்க்கும் கங்காணி மட்டும் ஏன் ஆணாகவே இருக்கிறார் என்பது அவளுடைய ஆராய்ச்சி. மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. முதலாளி அதைச் சம்பளம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. உறவினர் கேட்டால், "மக படிச்சுக்கிட்டு இருக்கா" என்பார். வருடங்கள் போகப் போக, கலியாண வீடுகளில், தம்பி மகளைக் கட்டிக்கொடுத்த வகையில் வந்த பண்டாரவளைச் சம்பந்தி அவரை ஓரமாக அழைத்து, இன்னும் பாஸாகவில்லையா, நல்ல டியூஷன் மாஸ்டர் ஒருவரைத் தனக்குத் தெரியும் என்று ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார். முதலாளி அந்த ஆறுதலைக் கசப்பு மருந்து போல விழுங்கிக்கொண்டார். மகள் வேலை செய்கிறாள் என்பதைவிட மகளுக்குப் படிப்பு ஏறவில்லை என்பது குடும்பத்துக்குக் குறைந்த பழி.

இனி நிலையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்களை உழைப்புச் சந்தைக்கு அழைத்து வருவதே எமது இலட்சியம் என்று அதன் வாசலில் பித்தளை எழுத்தில் பொறித்திருக்கும். அந்த எழுத்தைத் தினமும் துலக்கும் இரண்டு பெண்களுக்கு நியமனக் கடிதம் கிடையாது. ஆகவே அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். மகளிர் தினத்தன்று ஆண்கள் உரையாற்றுவார்கள், பெண்கள் தேநீர் பரிமாறுவார்கள். இரண்டுமே பங்கேற்பு என்று அறிக்கையில் வரும். பணிப்பாளர் பேராசிரியர் கஜேந்திரன், அட்டைக்குப் பயந்து ஒருநாளும் தேயிலை மலை ஏறாதவர். மலை ஏறும் பெண்களைப் பற்றி எழுதி எழுதியே முடி நரைத்தவர்.

அந்த நிலையம் ஊவா மாகாணம் முழுவதும் வீடு வீடாக ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. எந்த வீட்டுக்குப் போவது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுத் தீர்மானித்தது. அது வடிவேல் முதலாளி வீட்டைப் பொறுக்கி எடுத்த சமயம், சிவசக்தி மடுல்சீமையில் ஆய்வுக்குப் போய், மழையில் பாதை உடைந்து, திரும்ப வழியில்லாமல் ஒரு தோட்டத்தில் தங்கியிருந்தாள்.

கேள்வி கேட்க வந்தவள் லரீபா. நாட்கூலிக்கு எடுக்கப்பட்ட பெண். சிவசக்தியின் கீழ்தான் வேலை செய்தாள். வந்த பிறகுதான் அது யார் வீடென்று அவளுக்குப் புரிந்தது. ஆனால் பயிற்சியில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் விதி, பதில் சொல்பவரைத் திருத்தக் கூடாது என்பது.

"வீட்டுல பொம்பளைங்க எத்தனை பேருங்க முதலாளி?"

"ரெண்டு பேரு. சம்சாரம், மக."

"என்ன வேலை செய்றாங்க?"

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க வீட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போறதில்லம்மா."

அதே நேரம் திரைக்குப் பின்னால் வள்ளியம்மை கொழும்பு வியாபாரி ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். வந்து இறங்கிய மூட்டையில் அத்தனை சப்பாத்தும் இடது காலுக்கானவை. வலது காலை எந்த ஊருக்கு அனுப்பினீர்கள், அங்கே உள்ளவர்களுக்கு இடது கால் இல்லையா என்று அவள் கேட்பது வீதி வரை கேட்டது. லரீபா திரையைப் பார்த்தாள்.

"அவங்க?"

"சம்சாரந்தான். சும்மா இருக்காங்க."

"மக?"

"படிக்கிறா."

"வயசு?"

"முப்பத்தி நாலு."

சுவரில் பட்டமளிப்பு உடையில் சிவசக்தியின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. லரீபா அதைக் கும்பிடாத குறையாக ஒருமுறை பார்த்துவிட்டு, தன் மேலதிகாரி மாணவி என்று கையிலிருந்த டெப் கருவியில் பதிந்துகொண்டு புறப்பட்டாள்.

பேராசிரியர் கஜேந்திரனுக்கு இந்தப் பதில் தேன் குடித்தது போல இருந்தது. ஊவாவின் பெண்கள் உழைப்புச் சந்தைக்கு வராமல் வீட்டில் சும்மா இருக்கிறார்கள் அல்லது முடிவில்லாமல் படிக்கிறார்கள் என்பது அவர் கணக்கெடுப்புக்கு முன்பே எழுதிவைத்திருந்த முடிவு. ஒரே வீட்டில் இரண்டுக்கும் சாட்சி கிடைத்துவிட்டது. பெயர் போடாமல், முன்மாதிரிக் குடும்பம் என்று அதை அறிக்கையின் முன்பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டார்.

அந்த நேரத்தில்தான் நிலையத்தில் பெருந்தோட்டப் பெண் உழைப்புப் பிரிவுக்குத் தலைவர் பதவி காலியானது. சிவசக்தி விண்ணப்பித்தாள். பதவி கிடைத்தால் மடுல்சீமையிலும் ஸ்பிரிங்வெளியிலும் பெண்களைக் கங்காணியாக்கும் முயற்சி ஒன்றைத் தொடங்குவது அவள் திட்டம். தோட்டத் துரைமாரிடம் நடையாய் நடந்து வாயால் சம்மதமும் வாங்கியிருந்தாள். கிடைக்காவிட்டால் பதவி ஜெயகுமார் என்பவருக்குப் போகும். அவரும் அட்டைக் கடி அறியாதவர். திட்டம் அத்தோடு சரி.

நேர்முகத் தேர்வில் புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. உத்தியோகத்தர்களின் விபரங்கள் நிலையத்தின் தரவோடு ஒத்துப்போக வேண்டும் என்று பேராசிரியர் முன்பு ஒரு விதி போட்டிருந்தார். ஒத்துப் பார்த்தார்கள். அந்த விலாசத்தில் வேலை செய்யும் பெண் யாரும் இல்லை.

"கலாநிதி அவர்களே, நீங்கள் வேலை செய்வதாக நீங்கள் சொல்கிறீர்கள்" என்றார் பேராசிரியர். "அது ஒரு தனிநபர் கருத்து. தரவு வேறு விதமாகச் சொல்கிறது."

"சேர், எட்டு வருஷமா உங்களுக்கு எதிர் அறையிலதானே வேலை செய்றேன். தினமும் பாக்குறீங்களே."

"நான் ஒருவன் பார்த்தது எப்படிப் போதும்? மாதிரி அளவு மிகச் சிறியது."

குழு ஒரு நாள் முழுக்கக் கூடிப் பேசியது. உழைப்புச் சந்தையில் இல்லாத ஒருவருக்கு இத்தனை காலம் சம்பளம் கொடுத்தது சரியா என்று ஒருவர் கேட்டார். உடனே நிறுத்திவிடலாம் என்று இன்னொருவர் சொன்னார். இல்லாத ஒருவரை எப்படி நிறுத்துவது என்று மூன்றாமவர் கேட்டதும் தேநீர் இடைவேளை விட்டார்கள். பின்னேரம் முடிவு வந்தது. தரவைத் திருத்தலாம். ஆனால் முதலில் பதில் சொன்ன அதே குடும்பத் தலைவர், அதே கேள்விக்கு, சாட்சிகளின் முன்னால் மறுபடி பதில் சொல்ல வேண்டும். சுற்றுலாப் பயணிகள் கூடும் எல்ல என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் அறிக்கை வெளியீட்டு மாநாடு நடக்கவிருந்தது. அங்கேயே மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்திக் கேட்டுவிடலாம். நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை ஒரு முதலாளி மாற்றமாட்டார் என்று பேராசிரியருக்கு நல்ல நம்பிக்கை.

சிவசக்தி வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள்.

"பொய் சொல்லச் சொல்லலப்பா. உள்ளதச் சொல்லுங்க, அது போதும்."

மகளுக்கு உயர்வு வரவேண்டும் என்ற ஆசை முதலாளிக்கும் உண்டு. ஆனால் மாநாட்டுக்குப் பண்டாரவளைச் சம்பந்தியையும் அழைத்திருந்தார்கள். "மேடையில ஏறி, என் பொண்டாட்டி புள்ள உழைச்சுத்தான் என் வீட்டுல அடுப்பெரியுதுன்னு சொல்லச் சொல்றியா? தாத்தா படத்துக்கு முன்னால நான் எப்புடி நிப்பேன்?"

கத்திகளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்த வள்ளியம்மை தலையைத் தூக்கவில்லை. "அவர வற்புறுத்தாத. நான் சும்மா இருக்கேன்னு சொன்னவரு, அப்புடியே சொல்லட்டும். அவரு வாக்கு பொய்யாகக் கூடாது. நாளைக்கு நான் சும்மா இருந்து பாக்குறேன்."

மறுநாள் அவள் திரைக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, மடியில் கைவைத்து, வீதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். மடுல்சீமையிலிருந்து வந்த ஒருவர் படங்கு என்ன விலை என்று கேட்டார். முதலாளி தொண்டையைச் செருமினார். விலை வரவில்லை. மறுபடி செருமினார். வந்தவர் கவலைப்பட்டு, இந்தப் பக்கம் இப்போது நல்ல இருமல் காய்ச்சல் என்றார். மத்தியானத்துக்குள் அவருடைய செருமலைக் கேட்டு அயல் கடைக்காரர் கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தனுப்பினார். சாயங்காலம் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. அம்மா இல்லையா என்று கேட்டார்கள். இருக்காங்க, சும்மா இருக்காங்க என்றார் முதலாளி. மறுமுனையில் பதறிப்போய், அம்மாவுக்கு என்ன நேர்ந்தது, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்கள். முதலாளி கடையைச் சாத்தினார். ஆனாலும் மாநாட்டில் என்ன சொல்வதென்று அவர் மனது இன்னும் ஒரு பக்கம் சாயவில்லை. மானம் என்பது ஒரு நாள் வியாபாரத்தில் விட்டுவிடுகிற சரக்கல்ல.

மாநாட்டு நாளன்று வள்ளியம்மை எல்லவுக்கு வரவில்லை. வலது கால் சப்பாத்துகளோடு லொறி வருகிறது, இறக்க ஆள் வேண்டும் என்றாள். முதலாளி இஸ்திரி போட்ட சட்டையோடு தனியே வேனில் ஏறினார்.

ஹோட்டல் மண்டபத்துக்கு வெளியே வெள்ளைக்காரர்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காரணம், ஸ்பிரிங்வெளியிலிருந்து ஒரு பஸ் நிறையக் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கூடையும் படங்குமாகக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்தில், நின்றவர்களை அப்படியே ஏற்றி வந்ததாகச் சொன்னார்கள். மண்டபத்தில் தேயிலை மணம் வேண்டும் என்பது பணிப்பாளரின் விருப்பம்.

மங்கள விளக்கை ஐந்து ஆண்கள் ஏற்றினார்கள். ஐந்து பெண்கள் அவர்களுக்கு மெழுகுதிரி நீட்டினார்கள். பெண்கள் ஏன் வேலைக்கு வருவதில்லை என்ற கலந்துரையாடலுக்கு மேடை முழுக்க ஆண்கள் அமர்ந்தார்கள். பெண் பிரதிநிதிக்கென்று நடுவில் ஒரு நாற்காலியை மறக்காமல் ஒதுக்கியிருந்தார்கள். பேச்சாளர்கள் தங்கள் கோட்டுகளை அதன்மேல் போட்டிருந்தார்கள். உள்ளூர் விருந்தாளி ஒருவர், பெண்களுக்கு வெளியே வரத் தயக்கம், அதை உடைக்க வேண்டும் என்று மேசையில் குத்திப் பேசினார். அந்தக் குத்தில் கவிழ்ந்த தண்ணீரை மூன்று பெண்கள் ஓடிவந்து துடைத்தார்கள்.

கேள்வி கேட்கலாம் என்றதும் கொழுந்துப் பெண்கள் வரிசையில் கருப்பம்மா என்பவள் எழுந்தாள்.

"ஐயா, இன்னைக்கு எங்களுக்குப் பேர் போடுவாங்களா?"

பேர் போடுவதென்றால் தோட்டத்தில் அன்றைய நாளை வேலை நாளாகக் கணக்கில் சேர்ப்பது. பேராசிரியர் புன்னகைத்தார். "அம்மா, இன்று நீங்கள் வேலை செய்யவில்லை. வேலையைப் பற்றிய உரையாடலில் கலந்துகொள்கிறீர்கள். அது வேறு."

"மேல இருக்குற ஐயாமாருங்களுக்கும் இல்லீங்களா?"

"அவர்களுக்கு நாட்படி உண்டு. அவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்."

கருப்பம்மா தன் கூடையை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். இந்தப் பதில் அறிக்கையில் நல்லுறவு என்ற தலைப்பில் பின்னர் சேர்ந்தது.

அடுத்து முன்மாதிரிக் குடும்பத் தலைவரை மேடைக்கு அழைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். மாலை போட்டார்கள். முதல் வரிசையில் பண்டாரவளைச் சம்பந்தி கைதட்டினார். முதலாளிக்கு நெஞ்சு விம்மியது. தன் வாயால் தன் வீட்டைக் குறைக்காமல் இறங்கிவிடலாம் போலிருந்தது. ஒரு மூலையில் சிவசக்தி சுவரோரமாக நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்பதற்கு முன்னால் பேராசிரியர் ஒரு அறிமுகம் செய்தார்.

"அன்பர்களே, இந்தக் குடும்பத்தைப் பாருங்கள். இவர் ஒருவர்தான் ஆண். இவர் தோளில் இரண்டு பெண்கள். மனைவியார் காலமெல்லாம் ஒரு திரைக்குப் பின்னால் சும்மா அமர்ந்து உண்கிறார். மகளோ முப்பத்து நான்கு வயதாகியும் தேர்ச்சி பெறாத மாணவி. இத்தனை பெரிய சுமையைத் தாங்கியும் இவர் முகத்தில் முறுவல் வாடவில்லை. இவரைப் போன்ற ஆண்களின் வேதனையைத் தீர்க்கத்தான் எங்கள் நிலையம் பாடுபடுகிறது. ஐயா, சொல்லுங்கள், உங்கள் வீட்டுப் பெண்களில் வேலை செய்யாதவர் எத்தனை பேர்?"

முன்வரிசையில் பண்டாரவளைச் சம்பந்தி பாவமே என்று தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் முதலாளியின் முகத்திலிருந்த முறுவல் போயிற்று. வேலைக்குப் போவதில்லை என்று அவர் பெருமையாகச் சொன்னது வேறு. இங்கே கேட்பது வேறு. வீடு தேடி வந்தவளிடம் சொன்ன வார்த்தையை எடுத்து, ஊர் பார்க்க, வள்ளியம்மையைத் தண்டச்சோறு என்றும் சிவசக்தியை மக்கு என்றும் ஒரு மனிதன் மைக்கில் சொல்கிறான். அதற்கு மாலை வேறு போடுகிறான். அவர் மாலையைக் கழற்றி, கோட்டுகள் கிடந்த நாற்காலியின் மேல் வைத்தார். மைக்கை வாங்கினார்.

"என் சம்சாரத்தை யாரு தண்டச்சோறுன்னது? கடையில எது வாங்கணும், எத விக்கணும், யாருக்குக் கடன் கொடுக்கலாம்னு எல்லாமே அவதான். நான் விலை சொல்லுவேன். அதுவும் அவ சொன்னாத்தான். என் மக கலாநிதி. எட்டு வருஷமா உங்க நிலையத்துலயே வேலை செய்றா. மடுல்சீமையில மழையில நனைஞ்சு, அட்டைக் கடி வாங்கி, இந்தப் புஸ்தகத்துல உள்ள பாதிய எழுதுனது அவதான். நாந்தான் மரியாதைக்காக மறைச்சுச் சொன்னேன்."

பழக்கத்தில் முதலாளி தொண்டையைச் செருமினார். திரை இல்லாததால் அடுத்த வார்த்தையைத் தானே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

"எங்க வீட்டுல சும்மா இருக்குற ஆள் ஒண்ணு உண்டு. அத மறைக்கல. முந்தா நாள்தான் எனக்கே வெளிச்சமாச்சு. அது நாந்தான். எழுதிக்கங்க."

பண்டாரவளைச் சம்பந்தி கைதட்டுவதா தலையாட்டுவதா என்று தெரியாமல் மனைவியைப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து கொழுந்துப் பெண்கள்தான் முதலில் கைதட்டினார்கள். சிவசக்தி சுவரைப் பார்த்துத் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பேராசிரியர் சாமானியப்பட்டவர் அல்ல. ஒரு நிமிடம் திகைத்தார். அடுத்த நிமிடம் அவர் முகம் மலர்ந்தது. அன்பர்களே, உழைப்புச் சந்தைக்கு வெளியே ஒரு ஆண் என்று மைக்கில் அறிவித்தார். இதுவரை யாரும் ஆராயாத துறை என்றார். அன்றே ஊவாவின் சும்மா இருக்கும் ஆண்களுக்கான விசேட பிரிவு ஒன்றுக்கு அடிக்கல் நாட்டினார். அறிக்கையின் முதல் பக்கத்தில் கட்டம் அப்படியே இருந்தது. உள்ளே இருந்தவர் மட்டும் மாறினார். தரவு திருத்தப்பட்டதால் சிவசக்தி இருப்பது உறுதியானது. இருப்பவருக்குப் பதவி கொடுக்க விதியில் தடையில்லை. அவள் தலைவரானாள். மடுல்சீமையில் முதல் பெண் கங்காணிகளுக்கான பயிற்சி அந்த மழைக்காலம் முடிவதற்குள் தொடங்கியது.

முதலாளி தன் பங்குக்குத் திருந்தப் பார்த்தார். இனிச் சும்மா இருப்பதில்லை என்று உறுதி பூண்டு, வள்ளியம்மை குளிக்கப் போன நேரத்தில் கொழும்புக்குத் தானே அழைத்து மழைச்சட்டைக்கு ஆர்டர் கொடுத்தார். வந்து இறங்கியவை எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கானவை. அதற்குப் பிறகு தொலைபேசி அவர் கைக்கு எட்டாத இடத்துக்குப் போயிற்று.

அப்போதுதான் கடிதம் வந்தது. உழைப்புச் சந்தைக்கு வெளியே உள்ள ஆண்களுக்கான பயிற்சிக்கு அவர் தெரிவாகியிருந்தார். கீழே கையெழுத்து, கலாநிதி வடிவேல் சிவசக்தி, பிரிவுத் தலைவர். பேராசிரியரின் புதிய பிரிவுக் கடிதங்களுக்கும் அவளே கையெழுத்திட வேண்டும் என்பது விதி.

"போகாட்டி என்னங்க, விடுங்க" என்றாள் வள்ளியம்மை.

"நம்ம புள்ள கையெழுத்துப் போட்டு வந்த கடுதாசி. போகலைன்னா நாலு பேர் என்ன சொல்லுவாங்க? சொந்த அப்பனே மதிக்கலம்பாங்க."

அவர் சந்தனப் பொட்டு வைத்து, வெள்ளை வேட்டியோடு முதல் வரிசையில் போய் அமர்ந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் பிரிவுத் தலைவர் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் மகள் இருந்தாள். முன்பின் அறியாதவர் போல அவளுக்கு ஒருமுறை தலையசைத்து வணக்கம் சொன்னார். விபரம் எழுத வந்தவள் லரீபா. இம்முறை அவளிடம் நியமனக் கடிதம் இருந்தது. பெயர், வயது, விலாசம் எல்லாம் கேட்டுப் பதிந்தாள்.

"வேலை கிடைச்சா போக விருப்பமா முதலாளி?"

"ரொம்ப விருப்பம்."

"பிறகு ஏன் இவ்வளவு நாள் போகல?"

முதலாளி நிமிர்ந்து, மண்டபத்தில் இருந்த மற்ற ஆண்களுக்கும் கேட்கும்படி மரியாதையாகப் பதில் சொன்னார்.

"வீட்டுல விடமாட்டாங்கம்மா."